கோடு போட்ட மதியங்கள்

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஒருத்தி, சந்தேகப்பட வேண்டிய ஒன்றை மட்டும் எப்படி இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள்? அம்பு அக்காவைப் பற்றி நினைத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. பதில் கிடைக்குமோ கிடைக்காதோ, நடந்தது இதுதான்.

அம்பு அக்கா என்பது கம்பெனியில் வைத்த பெயர். சட்டை தைத்து வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி. ஏழாம் லைனின் கடைசியில், வரிசையாக எரியும் குழல் விளக்குகளுக்குக் கீழே நீளமான ஒரு மேஜை. தைத்து முடிந்த சட்டைகள் அங்கே வந்து விழும். அவள் ஒவ்வொன்றையும் எடுத்துக் கழுத்து, தோள், கை, பக்கம், ஓரம் என்று அதே வரிசையில் தடவிப் பார்ப்பாள். தையல் விட்டுப்போயிருந்தாலோ, பித்தான் ஒரு நூலளவு தள்ளியிருந்தாலோ, அம்பு வடிவத்தில் இருக்கும் சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவாள். கூடவே அட்டையில் ஒரு கோடு. நாலு கோடு சேர்ந்தால் ஐந்தாவது குறுக்கே விழும். சாயங்காலம் சூப்பர்வைசர் அந்தக் கோடுகளை எண்ணிவிட்டுத்தான் யாரைத் திட்டலாம் என்று கிளம்புவார்.

"இவங்க கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை முகத்தையே பார்த்திருக்க மாட்டாங்க. காலர்ல அம்பு ஒட்டிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பாங்க" என்று டெய்லர்கள் சிரிப்பார்கள். அவள் காதில் விழும். சிரித்தவளின் சட்டை மேஜைக்கு வரும்போது இன்னும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள்.

நல்ல செக்கர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல மனுஷி என்று அந்த மேஜையைச் சுற்றி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. ஒரே இடத்தில் ஒரே தப்பு மூன்று தடவை வந்தால் டெய்லரைத் திட்ட விடமாட்டாள். "முதல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஊசியைப் பாருங்க" என்பாள். பெரும்பாலும் ஊசிதான் வளைந்திருக்கும். இப்படி அவளால் வேலை தப்பித்த டெய்லர்கள் நாலைந்து பேர் உண்டு.

இந்த நியாயத்தை அவள் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. புருஷன் வேன் ஓட்டுகிறவர், விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். அவருடைய தங்கை, கல்யாணம் சரிப்படாமல் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்தவள், அங்கேயே இருந்தாள். அப்புறம் ஒரே பெண் குழந்தை. ஆறு வயது முடிய இன்னும் நாலு மாசம். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர்.

வாண்டு ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவாள், கேட்டால் கடிப்பாள். காலையில் எழுப்பினால் உலகத்தின் மேலேயே கோபம். நேற்றுச் சொல்லிக் கொடுத்த எழுத்து இன்றைக்கு நினைவிருக்காது. படுக்கையை இன்னும் நனைத்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் நடுவில் வீட்டார் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அவளுடைய தூக்கம். தலை சாய்த்த உடனே அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். குறட்டை அடுத்த அறை வரை கேட்கும்.

"என் பொண்ணுன்னு வேற அத்தாட்சி வேணுமா?" என்பார் அப்பா. "கியர் மாத்துற சத்தம் கூட அப்படியே என்னை மாதிரி."

"ஆமா, அந்த ஒண்ணுலதான் வம்சம் விளங்குது" என்பாள் இவள். ஆனால் அவளும் மனசுக்குள் அதை ஒரு குறையாக எண்ணவில்லை. இது ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்றுதான் நினைத்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அட்டை வரும். தினமும் டீச்சர் ஒரு வரி எழுதுவார். கடித்தாள். பாடத்தில் கவனமில்லை. மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டாள். வாரக் கடைசியில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சனிக்கிழமை டீச்சர் அவளையே வரச் சொன்னார்.

"உங்க பொண்ணு கெட்ட பொண்ணு இல்லம்மா. ஆனா இப்படியே இருந்தா ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது."

"ஏன்?"

"எதையும் மனசுல நிறுத்திக்க மாட்டேங்கிறா. மத்த பிள்ளைங்களையும் உக்கார விட மாட்டேங்கிறா. இன்னும் நாலு மாசம் இருக்கு. மாற்றம் தெரியலன்னா வேற மாதிரிப் பள்ளிக்கூடம் பாருங்க."

"வேற மாதிரின்னா எந்த மாதிரி?"

டீச்சர் மேஜை மேலிருந்த சாக்பீஸைத் தள்ளி வைத்தார். "மெதுவான பிள்ளைங்களுக்குன்னு இருக்கும்ல, அந்த மாதிரி."

படி இறங்கும்போதே அவள் விசாரணையைத் தொடங்கிவிட்டாள். முதல் ஆள் டீச்சர். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, என் பிள்ளையைக் கண்டாலே ஆகாது. ஒரு வாரம் அந்தச் சந்தேகம் நின்றது. ஆனால் டீச்சர் எழுதியதெல்லாம் வீட்டிலும் நடந்தது. மேஜைக்கு அடியில் படுப்பது உட்பட. ஆகவே டீச்சர் தப்பினார்.

இரண்டாவது ஆள் குழந்தை.

"நேத்து என்ன பாட்டு சொல்லிக் கொடுத்தாங்க?"

"தெரியல."

"நேத்து பாடிக் காட்டினியே!"

"மறந்துடுச்சு."

"மறக்கல. படிக்கச் சொல்வாங்கன்னு நடிக்கிற." தொடையில் ஒரு கிள்ளு. வாண்டு அலறினாள். அழுகை பாதியிலேயே இருக்க, சுவரில் சாய்ந்தபடி அப்படியே தூங்கிப்போனாள். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, குறட்டை வந்துவிட்டது.

"பாருங்க, பாருங்க! எப்படி நடிக்குது பாருங்க" என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் பார்த்தார். "பாவம், களைச்சுப் போயிருக்கு" என்றார்.

"என்ன வேலை செஞ்சு களைச்சுது? வேனா ஓட்டுச்சு?"

இது அவளுக்கே கொஞ்ச நேரம் உறுத்தியது. ஒன்றும் செய்யாத பிள்ளை ஏன் களைக்க வேண்டும்? அங்கேதான் மூன்றாவது ஆள் கிடைத்தாள்.

பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தையைக் கூட்டி வருவது நாத்தனார். சாப்பாடு போட்டுத் தூங்க வைப்பதும் அவள்தான். அவள் அதிகம் பேசாதவள். பேசாதவர்களை அம்பு அக்கா ஒருபோதும் நம்பியதில்லை. நாத்தனாருக்கு நிம்மதியாக மதியத்தைக் கழிக்க வேண்டும், அதற்காகக் குழந்தைக்கு எதையோ கொடுத்துத் தூங்க வைக்கிறாள் என்று முடிவு கட்டினாள். அலமாரியின் மேல்தட்டில் இருமல் மருந்து ஒன்று இருந்தது. குடித்தால் கண் சொக்கும். அன்று இரவே அம்பு அக்கா கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து, மருந்து எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த இடத்தைக் காட்டிப் பாட்டிலின் பின்பக்கம் ஒட்டி வைத்தாள்.

எட்டு நாள் கழித்துப் பார்த்தபோது மருந்து அம்புக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அதே நாள் சர்க்கரை டப்பாவை நகர்த்தும்போது பின்னாலிருந்து ஒரு தாள் விழுந்தது. பழைய காலண்டரின் பின்பக்கம். பென்சிலால் தேதி தேதியாகக் கோடுகள். நாலு நேராக, ஐந்தாவது குறுக்கே. ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பதினான்கு, ஒரு நாள் இருபத்து மூன்று.

கோட்டை எப்படிப் படிப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினோரு வருஷமாக அவள் போட்ட ஒவ்வொரு கோடும் ஒரு தப்பு. ஆகவே இதுவும் தப்பின் கணக்குதான். எத்தனை சொட்டு, எத்தனை மூடி. இருபத்து மூன்று! தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலச் சாப்பாடு பரிமாறினாள்.

மறுநாள் கம்பெனியில் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டாள். டெய்லர்களுக்கு ஆச்சரியம். அம்பு அக்காவுக்குத் தலை வலிக்குமா, வலிக்க வைத்துத்தானே பழக்கம்? அவள் பஸ் ஏறினாள். மூன்று மாடியும் மெதுவாக ஏறி, கடைசிப் படியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தானே திருடி மாதிரி தள்ளினாள். கையும் களவுமாகப் பிடித்தால்தான் புருஷன் நம்புவார்.

ஜன்னலோரப் பாயில் வாண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தலை பின்னால் சரிந்து கழுத்து வில்லாக வளைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. நெற்றி முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நாத்தனார் முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தையின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தாள், கையில் பென்சில்.

"எவ்வளவு ஊத்தின?"

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அண்ணி! என்ன இந்த நேரத்துல?"

"எவ்வளவு ஊத்தினன்னு கேக்குறேன். அம்புக்குக் கீழ ஒரு விரல் எறங்கியிருக்கு. கோடு வேற போட்டு வெச்சிருக்க, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"என்ன அம்பு? மெதுவாப் பேசுங்க, அண்ணி."

"ஏன், முழிச்சுக்குவாளா? முழிக்கட்டும்! எந்திரிச்சா என்ன குடுத்தன்னு அவளே சொல்லட்டும்."

அப்போது குறட்டை நின்றது. ரம்பம் அறுக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்த சத்தம் பாதி இழுப்பில் அறுந்தது. நாத்தனார் உதட்டில் விரலை வைத்துவிட்டு, மறு கையால் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அண்ணியைத் தொட்டு இழுத்தது அதுதான் முதல் தடவை.

"கையை இங்க வைங்க. மூக்குக்குக் கீழ."

வைத்தாள். ஒன்றும் படவில்லை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குழி உள்ளே இழுத்துக்கொண்டது. விலாவுக்கு நடுவில் பள்ளம் விழுந்தது. ஆனால் விரலில் காற்று இல்லை. ஊசி இறங்குகிறது, ஏறுகிறது, தையல் விழவில்லை. அம்பு அக்காவுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். துணியில் அதைப் பார்த்திருக்கிறாள். ஒன்பது, பத்து என்று நாத்தனாரின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் வாண்டின் உடம்பு முழுக்க ஒரு உலுக்கல். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி காற்றை இழுத்து, புரண்டு படுத்தாள். கண் திறக்கவில்லை. குறட்டை மறுபடியும் தொடங்கியது.

நாத்தனார் தாளில் ஒரு கோடு போட்டாள்.

அம்பு அக்கா கேட்டாள். "எத்தனை நாளா?"

"நான் கோடு போட ஆரம்பிச்சு மூணு வாரம். அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே அண்ணி. மூச்சு நின்னு நின்னு வருதுன்னு. 'என் பொண்ணு தூங்குறதுலயும் கண்ணு வெக்கிறியா'ன்னு கேட்டீங்க." அவள் பென்சிலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்ககிட்ட வாயால சொன்னா நிக்காது. கோடு போட்டுக் காட்டினா நிக்கும்னு தோணுச்சு. ஒரு மாசம் முடியட்டும், மொத்தமாக் காட்டலாம்னு இருந்தேன்."

இங்கே ஒரு தாய் அழுதிருப்பாள் என்று எழுதிவிடலாம். அம்பு அக்கா அழவில்லை. பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தாள். "நீ உன் தாள்ல போடு. நான் என் தாள்ல போடறேன். ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக் கூடாது" என்றாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை எழுந்ததும் தாள்களைப் பக்கத்தில் வைத்தார்கள். இதில் பதினொன்று. அதிலும் பதினொன்று.

குழந்தையைக் கூட்டிப்போனபோது டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார், கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், அதற்குள் நாத்தனார் போனில் எடுத்திருந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, தொண்டையில் இரண்டு பக்கமும் வீக்கம், படுத்தால் வழி அடைபடுகிறது என்றார். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை அவளைப் பாதி எழுப்பிவிடுகிறது. அவள் தூங்குவதாக நீங்கள் நினைக்கிறீர்கள், அவள் தூங்கவே இல்லை.

அம்பு அக்கா உடனே அதில் ஓட்டையைத் தேடினாள். "தூக்கம் போதலன்னா தூங்கி விழணும்ல, டாக்டர்? இவ பம்பரமாச் சுத்துறா."

"தூங்கி விழறது நாம. குழந்தைங்க நிறைய பேர் நேர்மாறா இருப்பாங்க. ஓடுவாங்க, கடிப்பாங்க, காரணமில்லாம அழுவாங்க. சொன்னதை மனசுல நிறுத்தறதுக்கு நல்ல தூக்கம் வேணும்மா. அது இவளுக்குக் கிடைக்கல."

"சதையை எடுத்துட்டா நல்லாப் படிச்சிடுவாளா?"

"நல்லா மூச்சு விடுவா. படிப்புக்கு நான் பொறுப்பு இல்ல. மாற்றம் இருக்கலாம். எவ்வளவுன்னு முன்கூட்டியே சொன்னா அது பொய்."

இந்தப் பதில் மட்டும் அவளுக்குப் பிடித்தது. இருந்தும் அவர் எழுதிய சீட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேட்ட டாக்டரிடம் கண்ணை இமைக்காமல் "இல்லையே" என்றாள். இரண்டாமவரும் அதையேதான் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல படிச்சிருப்பாங்க" என்றாள் வீட்டுக்கு வந்து.

"மூணாவதா ஒரு டாக்டரைப் பார்ப்போமா? வேன் சும்மாதான் நிக்குது" என்றார் புருஷன்.

அவளை முடிவுக்குக் கொண்டுவந்தது டாக்டர்கள் இல்லை. அன்று சாயங்காலம் சமையல் மேடையில் நாத்தனாரின் தாளையும் பள்ளிக்கூட அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதிக்குத் தேதி விரலை நகர்த்தினாள். சளி பிடித்த நாட்களில் கோடு இருபதைத் தாண்டியிருந்தது. அப்படி ஐந்து நாள். அந்த ஐந்துக்கும் மறுநாள் அட்டையில் டீச்சர் ஒரு வரிக்குப் பதில் மூன்று வரி எழுதியிருந்தார். கடித்தாள் என்ற சொல் அந்த ஐந்து நாட்களிலும் இருந்தது. ஒரே இடம், ஒரே தப்பு. மூன்று தடவை இல்லை, ஐந்து தடவை. ஒவ்வொரு வாரத்துக்கும் கீழே அவளுடைய கையெழுத்தே இருந்தது. ஆனால் அவள் ஊசியைப் பார்க்கச் சொல்லவில்லை. டெய்லரைத்தான் கிள்ளியிருந்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த புருஷன் மேடையில் இருந்த இருமல் மருந்தைப் பார்த்தார். "இது என்ன, பின்னாடி அம்பு?"

"மட்டம் பார்க்க ஒட்டினேன். யாரோ குடிச்சிருக்காங்க."

"நான்தான். போன வாரம் இருமல்னு ரெண்டு மூடி ஊத்திக்கிட்டேன். அதுக்கு எனக்கு அம்பா?"

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு இது கேட்டிருக்கும். அம்பு அக்கா பாட்டிலைக் கையில் எடுத்தாள். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பாதிதான் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய முதல் வாரம் குறட்டை இல்லாத அமைதி அவளைத் தூங்க விடவில்லை. எழுந்து எழுந்து குழந்தையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். காற்று பட்டது. மாற்றம் மெல்லத்தான் வந்தது. முதல் மாசம் வாண்டு இன்னும் இரண்டு பேரைக் கடித்தாள். இரண்டாவது மாசம் காலையில் தானாக எழுந்து, யார் மேலும் கோபமில்லாமல் பல் தேய்த்தாள். படுக்கை நனைவது குறைந்தது. அட்டையில் ஒரு வாரம் முழுக்கக் காலியாக வந்தது. பருவத்தின் கடைசி நாள் டீச்சர் 'பரவாயில்லை, ஒண்ணாம் வகுப்புக்குப் போகலாம்' என்று எழுதினார். அம்பு அக்காவும் சட்டைகளைப் பற்றி அதற்கு மேல் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. ஆகவே அது போதும் என்று எடுத்துக்கொண்டாள். வாண்டு வகுப்பில் முதல் மாணவி ஆகவில்லை. வலது எது இடது எது என்பதில் இப்போதும் தகராறு.

ஒரு நாள் சாப்பிடும்போது வாண்டு கேட்டாள். "அம்மா, முன்னாடி நான் ஏன் கெட்டவளா இருந்தேன்?"

அம்பு அக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நாத்தனார்தான் சொன்னாள். "நீ கெட்டவளா இல்லடா. உனக்குத் தூக்கம் வந்துட்டே இருந்துச்சு."

இவ்வளவும் விளங்குகிறது. விளங்காதது ஆபரேஷன் அன்று காலையில் நடந்த ஒன்று. புருஷன் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "பெத்தவ நீ. நீ ஏன் உள்ள போகல?" அவள் "டீ ஆறுது, குடிங்க" என்பாள். பரிகாரமா, பயமா, அல்லது தன் கோடுகளோடு ஒத்துப்போன கோடுகளைப் போட்ட ஒரே ஆள் நாத்தனார் என்பதாலா? யார் எதைச் சொன்னாலும் அவள் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

மயக்கம் தெளிகிற அறைக்குள் ஒரே ஒருவரைத்தான் விடுவார்கள். குழந்தை கண் விழிக்கும்போது முதலில் தெரிகிற முகம் அதுதான். இரவு வரை மூச்சைக் கவனித்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டியதும் அவர்தான். நர்ஸ் கயிறு கோத்த பாஸ் அட்டையோடு வந்து, "அம்மாதானே வர்றீங்க?" என்று நீட்டினார்.

அம்பு அக்கா வாங்கினாள். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் பக்கம் திரும்பி, அதை அவள் கழுத்தில் மாட்டினாள்.

"அண்ணி, நான் எப்படி? நீங்கதானே..."

"பென்சில் எடுத்துக்கிட்டியா?"

நாத்தனார் தலையை ஆட்டினாள். அம்பு அக்கா அவளுக்குப் பின்னால் போய், பிடரியில் கயிற்று முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை இழுக்காமல் கையை எடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.